அக்காவோடு சேர்ந்து மூச்சு விட்டவர்

இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகவே பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. வெட்கம் பாதி, பயம் பாதி. "எழுதி வைடி, நாலு பொம்பளைங்களுக்கு ஆவும்" என்று அக்கா உயிரோடு இருந்தபோதே சொன்னார். அவருடைய முதலாண்டு நினைவு நாளில் காமாட்சி அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவளல்ல, பிழை பொறுக்கவும்.

அக்கா பிறந்தது கூரத்தில். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவரே. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் ஒரே வீட்டின் அண்ணன் தம்பிக்கு எங்களைக் கட்டிக்கொடுத்ததால் கடைசிவரை பிரியவில்லை. அக்காவுக்குக் கோபமே வராது என்று எழுதமாட்டேன். சோறு குழைந்தால் வரும். ஆனால் பசி என்று வந்தவரை அவர் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை.

கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அக்காவுக்கு அடிவயிறு தளர்ந்துவிட்டது. இருமினாலும் தும்மினாலும் புடவை நனையும். உள்ளே ஏதோ இறங்குகிறது என்பார். தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியவில்லை. சந்நிதியில் அசுத்தமாகிவிடுமோ என்று வெள்ளிக்கிழமை கோயிலையும் விட்டுவிட்டார். "எனக்கும் சேத்துக் கும்புட்டு வா" என்று என்னை மட்டும் அனுப்புவார்.

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் வழி சொன்னார். "மூத்திரத்த அடக்கற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி மேல தூக்கும்மா. மூச்ச விட்டுக்கினே தூக்கு. அப்புறம் தளர்த்திடு. மல்லாந்து படுத்து, முட்டிய மடக்கி, இடுப்ப ஒசத்தியும் செய். இதுவும் யோகாசனந்தான், வெக்கப்படாத. மாசக்கணக்கா செய்யணும்."

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள இடம் பின்பக்கத் தறி அறை ஒன்றே. உச்சிவேளையில் ஆண்கள் சாப்பிட எழுந்ததும் அக்கா அங்கே பாய் விரிப்பார்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அப்படியொரு அமாவாசை மத்தியானம் நானும் மாமியாரும் அந்தக் கதவுக்கு வெளியே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். உள்ளிருந்து அக்காவின் நீண்ட மூச்சு கேட்டது. அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு மூச்சு, கரகரப்பாக, எட்டிப் பிடிக்க முடியாதவர் இரைப்பதுபோல்.

மாமியார் கதவைத் தட்டினார். அக்கா திறந்தார். உள்ளே ஒரே பாய்தான் இருந்தது, வேறு யாரும் இல்லை.

"ரெண்டு பேருக்கு இரைக்குதே, யாருடி அது?"

"எனக்கும் கேக்குது அத்த. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கேக்குது. நான் நிறுத்தினா அதுவும் நிறுத்துது."

சேதி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டம்மாள், "உங்க வூட்ல தறிக்கும் மேமூச்சு வாங்குதாமே" என்று சிரித்தாள். மாமியாருக்கு அவமானம் தாங்கவில்லை. அடுத்த அமாவாசை சாயந்திரம் பூசாரியை வரவழைத்து வேப்பிலை அடிப்பது என்று முடிவு செய்தார். "அப்பவும் போவலன்னா நீ கூரத்துக்கே போயிடு. பசங்க இங்க இருக்கட்டும்."

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பயிற்சியே வேண்டாம் என்று அழுதேன்.

"இப்பத்தான்டி தும்மல் தாங்குது. விட்டா மறுபடியும் நனையும்."

"அம்பாளா இருக்குமாக்கா?"

"அம்பாளுக்கு இரைக்குமா? பாவம்டி, யாரோ கஷ்டப்படறாங்க."

அந்த அமாவாசையும் வந்தது. மத்தியானம் அக்கா மாமியாரிடம், "நீங்களே உள்ள வந்து உக்காருங்க அத்த. அப்புறம் அடிக்கச் சொல்லுங்க" என்றார். மூவரும் உள்ளே போய்த் தாழிட்டோம்.

அக்கா மூச்சை விட்டார். நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழிப் பக்கமிருந்து அந்த மூச்சும் தொடர்ந்தது. குழியில் யாரும் இல்லை. ஆனால் உள்ளே கால் வைக்கும் மிதிகட்டை மெல்லத் தாழ்ந்தது. மேலே இழுத்துக் கட்டியிருந்த பாவு நூல் இரண்டு அடுக்காகப் பிரிந்து வாய் திறந்தது. அக்கா தளர்த்தியதும் கட்டை மேலே வந்தது.

மாமியார் குழியைப் பார்த்து, "அக்கா, நீயா?" என்றார்.

பிறகுதான் சொன்னார். தறி போடுவதற்கு முன் அந்த அறையில்தான் அவருடைய மூத்த ஓரகத்தி, மாமனாரின் அண்ணன் மனைவி, கிடந்தாராம். அவரை மாமியார் அக்கா என்றுதான் கூப்பிடுவாராம். பிள்ளை பெற்றதும் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. வெளியே தெரியக்கூடாது என்று உள்ளேயே வைத்து, சோற்றை வாசற்படியில் தள்ளியிருக்கிறார்கள். அங்கேயே உயிர் போய்விட்டது.

"இந்த மூச்சு எனக்குத் தெரியும்டி. கதவாண்ட நின்னுக்கினு கேட்டிருக்கேன். யாரும் உள்ள போவல."

சாயந்திரம் வந்த பூசாரிக்குத் தேங்காய் பழம் கொடுத்து, "பேய் இல்ல சாமி, எங்க வூட்டுப் பொம்பள" என்று அனுப்பிவிட்டார். பிறகு அக்காவிடம் தணிந்த குரலில், "எனக்கும் இருமினா நனையுதுடி. எப்டித் தூக்கறது, காட்டு" என்றார்.

அதன்பின் உச்சிவேளைகளில் மூவரும் அங்கே பயிற்சி செய்தோம். அந்த மூச்சின் கரகரப்பு நாளாக ஆகக் குறைந்தது. ஒரு மத்தியானம் அது கேட்கவில்லை. மாமியார் எழுந்துபோய்க் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா மறுபடி தறியில் உட்கார்ந்தார். காமாட்சி கோயிலை நிம்மதியாக வலம் வந்தார். சென்ற ஆண்டு மார்பில் சளி கட்டிப் படுத்தவர், பிள்ளைகள் சூழ்ந்திருக்க, திருநீறு பூசிக்கொண்டு இறைவன் திருவடி சேர்ந்தார். இரவு பகலாகக் கஞ்சி வைத்துக் கொடுத்த தெருவினருக்கும், தோள் கொடுத்த உறவினருக்கும், பெயர் தெரியாத அந்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதைப் படிப்பவர்கள் தங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் உள்ளது உள்ளபடியே சொல்ல வேண்டுகிறேன். பயமுறுத்துவதற்காக எதையும் கூட்ட வேண்டாம். கூச்சப்பட்டு அந்த நோயையும், நம்பமுடியாமல் அந்த அறையில் கிடந்த பெரியம்மாவையும் கழித்துவிட வேண்டாம்.