ஸ்டிக்கர் மேல் வைத்த பொட்டு

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பூட்டுவது, திறப்பது, ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பது, தூசி துடைப்பது, அவ்வளவுதான். என் நைனா அதே நிலத்தில் கூலிக்கு மாங்காய் பறித்தவர். நிலம் விலைபோய்க் கம்பெனி வந்தபோது, எட்டாவது படித்த எனக்கு இந்த வேலை கிடைத்தது. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் போட்ட பிச்சை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அறையில் இருந்தவை இரண்டே இரும்புப் பெட்டிகள். ஆனால் அவற்றுக்குள் ஒன்பது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்றார்கள். எடைமேடைக்கு ஒன்று, குளிர் அறைக்கு ஒன்று, வெளிநாட்டுக்குப் போகிற டின்களுக்கு ஒன்று, இப்படி. ஒருநாள் தூசி துடைக்கிற சாக்கில் பின்பக்கம் குனிந்து எண்ணிப் பார்த்தேன். விசிறிகள்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

இவற்றையெல்லாம் பெங்களூரில் இருந்தபடியே கவனித்தவர் ஓர் இஞ்சினியர் பெண். குடுபல்லிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், வேலைக்காக அங்கே போனவர். என்னிடம் போனில் நம் பேச்சில்தான் பேசுவார்.

"ஒரே வூட்ல அஞ்சாறு குடித்தனம் இல்லியாண்ணா, அப்பிடி நெனச்சிக்கோங்க. பொட்டி வூடு. கம்ப்யூட்டருங்க குடித்தனம்."

"குடித்தனம்னா தண்ணிக்கு சண்ட வருமேம்மா?"

"வரும். அத்த தீர்த்து வெக்க உள்ள ஒரு வூட்டுக்காரன் கீறான். அவனும் ஒரு சாஃப்ட்வேர்தான். அவனத்தான் இப்ப மாத்தணும், பழசாயிட்டான்."

அந்த வீட்டுக்காரனையும் நான் பார்த்ததில்லை. சரி என்றேன்.

மாங்காய் சீசன் தொடங்க மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, விளக்கேற்றிவிட்டு வேலைக்கு வந்த கையோடு அவர் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம ரெண்டாவது பொட்டிய காலி பண்ணி, எல்லாரையும் மொத பொட்டிக்கு அனுப்பிட்டு, புது வெர்ஷன் போடப்போறேன். எந்தப் பொட்டிக்கு அது ஒத்துக்கும்னு பொட்டி செஞ்சவங்க லிஸ்ட் குடுத்துக்கீறாங்க. நம்ம மாடல் அதுல கீதான்னு பார்க்கணும். நம்ம கிட்ட கீற காயிதத்த நம்ப முடியல. முன்னாடி சின்ன ஸ்டிக்கர் கீது பாருங்க, படிச்சி சொல்லுங்கண்ணா."

முதல் பெட்டியில் படித்துச் சொன்னேன். இரண்டாவதில் கடைசி எழுத்தும் எண்ணும் தெரியவில்லை. அவற்றின் மேல் பொட்டு இருந்தது. ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும்தான். அந்தச் சின்ன வெள்ளை இடம் பொட்டுக்கென்றே விட்டதுபோல இருந்ததால் வருஷா வருஷம் அங்கேயே வைத்திருந்தேன். காய்ந்து, கனத்துக் கிடந்தது.

நகத்தால் சுரண்டினால் ஒரு நொடி. ஆனால் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை குங்குமத்தைத் துடைக்க மாட்டோம், லட்சுமி போய்விடுவாள். சீசன் தொடங்கும் நேரத்தில் கம்பெனிப் பெட்டியில் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. இரண்டு பெட்டியும் ஒரே லாரியில் வந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ரெண்டும் ஜோடிதாம்மா. அதே நம்பர்தான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை நடந்தது. இரண்டாவது பெட்டி புது வெர்ஷனோடு எழுந்தது. எழுந்ததே தவிர, தனக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டைப் புது வீட்டுக்காரன் கண்டுகொள்ளவே இல்லையாம். ஒன்பது குடித்தனமும் முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டன.

திங்கள் காலை பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் வரத் தொடங்கின. ஆலை முழுக்க ஓடியதும் அந்த ஒற்றைப் பெட்டி திணறிப்போயிற்று. எடைமேடையில் சீட்டு வரவில்லை. சாலை வரை லாரிகள், வெயில், டிரைவர்களின் ஹாரன். மேனேஜர் அறைக்கு வந்து போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்.

"ஏமம்மா, ஒத்துப்போகும்னு எழுதிக் குடுத்தது நீதானே? உங்க கம்பெனிக்கு இப்பவே மெயில் போடறேன். நாளைக்கு நீ அங்க இருக்க மாட்டே!"

 "நான்தான் சார் எழுதினேன்," என்றார் இஞ்சினியர். என் பேரை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. ஊரில் அம்மா அப்பாவை அந்தச் சம்பளத்தில்தான் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும்.  பிள்ளையாரப்பா என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

"சார், நம்பர் சொன்னது நானு. படிக்காமயே சொல்ட்டேன்."

மேனேஜர் திரும்பினார். "படிக்காம எப்படிய்யா சொன்னே?"

பொட்டைக் காட்டினேன். அவர் பார்த்தார். அவரும் நெற்றியில் நாமம் போட்டவர்தான். திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றார். "தொடைச்சுத் தொலை," என்றார் கடைசியில்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தேன். எழுத்து அதேதான், எண் மட்டும் முதல் பெட்டியைவிட ஒன்று குறைவு. முந்தின ரகப் பெட்டி. பெட்டிகள் வந்த புதிதில், முதல் ஆயுத பூஜைக்கும் முன்னே, நான் திருமலைக்கு நடந்துபோயிருந்த வாரம் லாரியில் வந்தது பழுதாகி, பெட்டி விற்றவர்கள் அதற்குப் பதில் இதை வைத்துவிட்டுப் போனது அப்புறம்தான் தெரிந்தது. காயிதத்திலும் எழுதவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

படித்துச் சொன்னதும் போனில் இஞ்சினியர் குரல் மாறியது. "கார்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு நேத்திலேந்து தேடிக்கினு கீறேண்ணா. இது ரகமே வேற. பழைய வெர்ஷன் உள்ளயே பத்திரமா கீது. பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நான் சொல்றப்ப கீபோர்டுல ரெண்டு கட்டைய சேர்த்து அழுத்துங்க."

அழுத்தினேன். திரையில் ஏதேதோ எழுத்து ஓடியது. பழைய வீட்டுக்காரன் வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் குடித்தனங்கள் பாதி இந்தப் பக்கம் வந்தன. வாசலில் முதல் லாரி நகரும் சத்தம் கேட்டது.

மேனேஜர் போனதும் இஞ்சினியரிடம் என் போனில் கேட்டேன்: "எம்மேலதானம்மா தப்பு?"

"இங்கேந்தே நான் மாடல பார்த்துக்கினு இருக்கலாம்ணா. ரெண்டு கிளிக்கு. நீங்க ஜோடின்னு சொல்ட்டீங்கன்னு பார்க்காம வுட்டேன்."

அப்படியானால் தப்பு யார்மேல்? வெள்ளிக்கிழமை துடைத்திருந்தால் லாரி நின்றிருக்காது. துடைக்காததால்தானே நின்றது, அப்போது லட்சுமி எந்தப் பக்கம் இருந்தாள்? எங்கள் வீட்டம்மாளிடம் கேட்டேன். "ஞாயித்துக்கெழம தொடச்சிட்டு போன் பண்ணக்கூடாதா?" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இஞ்சினியருக்கு வேலை போகவில்லை. என்னை அந்த சீசன் முடியும்வரை எடைமேடையில் உட்காரவைத்தார்கள். அவர் அனுப்பிய ரிப்போர்ட்டை அங்கே ஒரு கிளார்க் படித்துக் காட்டினார். 'ஸ்டிக்கரில் உள்ள எண் படிக்கும் நிலையில் இல்லை. நான் சரிபார்த்திருக்க வேண்டும்' என்று இருந்தது. பொய் இல்லை. பொட்டும் இல்லை, நானும் இல்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல், அடுத்த லாரிக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.