டப்பாவைப் படித்துச் சொன்னவன்

மார்கழி பதினெட்டு, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாத பனி. என் மாடி அறையில் வாடகைக்கு இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் இறங்கி வந்து ஒரு வெள்ளை டப்பாவை என் கையில் கொடுத்தார்கள். அது மூன்றாமவனுடையது. இரவு ஷிப்ட் முடிந்து அவன் இன்னும் வரவில்லை.

"இது இன்னா மாத்திர சார்? பகல்ல தூங்காம சொவுத்த பாத்துக்கினு குந்திக்கினு கீறான். போத மாத்திரையா? நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க."

எனக்குப் படிக்கத் தேவையில்லை. அதே டப்பா என் அலமாரியில், துவரம்பருப்பு டின்னுக்குள், சத்தம் வராமலிருக்கப் பஞ்சு அடைத்து இருக்கிறது. எச்.ஐ.வி.க்காக ஒன்பது வருடமாகத் தினம் ஒரு மாத்திரை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். என்னைத் தெரிந்தவர்கள் அதிகம். அதனால் இரண்டு பஸ் மாறித் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் போய் வாங்குகிறேன். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூன்றாமவனுக்கு மட்டும் தெரியும்.

முந்தின மாதம் அங்கே மாத்திரை வரிசையில் எனக்கு நாலு பேர் பின்னால் நின்றிருந்தான். பள்ளிப்பட்டுக்காரன், இருபத்தாறு வயது, இரும்பு உருக்கும் வேலை. என்னைப் பார்த்ததும் சொந்தக்காரனைக் கண்டதுபோல் அவன் முகம் மலர்ந்தது. நான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் மெதுவாகக் கேட்டான். மாத்திரை ஆரம்பித்து முப்பத்தெட்டு நாளாம். உலை முன்னால் எட்டு மணி நேரம் நின்று வந்தும் கண் மூடினால் கெட்ட கனவாம். எனக்கும் முதலில் அப்படி இருந்ததா, எப்போது சரியானது என்றான். எனக்கும் இருந்தது. டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஏழாவது வாரம் தூங்கினேன். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. நான் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் சராசரி மூன்றே கால் மணி நேரம். மாடியில் யார் சிரித்தாலும் என்னைப் பற்றித்தானோ என்று காது அங்கேயே கிடந்தது.

டப்பாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். சத்து மாத்திரை என்று சொன்னால் அவன் இங்கேயே இருப்பான், என்றைக்காவது வாய் தவறும். உள்ளதைச் சொன்னால் துரத்துவார்கள். துரத்தப்பட்டவன் என்ன சொன்னாலும் ஆத்திரத்தில் சொல்கிறான் என்பார்கள். உள்ளதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர்கள் பார்க்க, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன்.

வந்த இருவரில், அவன் பகலில் படுக்கும் பாயில் இரவில் படுப்பவன் குமட்டிக் குமட்டித் துப்பினான். பாயாலும் தலையணையாலும் அது ஒட்டாது என்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. பாயை எரிக்கத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

ஆறு ஐம்பதுக்கு அவன் வந்தபோது பை வாசலில் கிடந்தது, பாய் சாக்கடை ஓரம் எரிந்துகொண்டிருந்தது.

"தோ வந்துட்டாரு மாப்ள," என்றான் துப்பியவன். "ஆஸ்பத்திரில போய்ப் படுடா, கட்டிலே குடுப்பாங்க."

அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் கேட்டான்.

"சார், ரெண்டு நாளா கண்ணே மூடல. வெறுந்தரையில ஒரு நாலு மணி நேரம் படுத்துட்டுப் போயிடறேன்."

"பத்து நிமிஷம்கூடக் கிடையாது," என்றேன்.

அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பாவைக் கேட்டு வாங்கி, மூடியை இறுக்கிப் பைக்குள் வைத்தான். "வரேன் சார்," என்று சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

அடுத்த மாதம் திருவள்ளூர் வரிசையில் இருபத்திரண்டு பேர். இரண்டு முறை எண்ணினேன். அவன் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. வேறு ஊரில் வாங்குகிறானா, மாத்திரையையே விட்டுவிட்டானா, நான் விசாரிக்கவில்லை. இரண்டாவது மாதமும் அவனைக் காணாமல் வீடு திரும்பிய அன்று இரவு ஏழு மணி நேரம் தூங்கினேன்.

மற்ற இரண்டு பேரும் அந்தச் சுவருக்குள் படுக்க அருவருப்பாக இருக்கிறது என்று அவனைத் துரத்திய மாதக் கடைசியிலேயே காலி செய்துவிட்டார்கள். வெள்ளையடிக்க இரண்டாயிரத்து எண்ணூறு, புதுப் பாய் தலையணை அறுநூற்றைம்பது, அறை பூட்டிக் கிடந்த இரண்டு மாத வாடகை ஒன்பதாயிரம். ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.