ராகு காலத்தில் விழுந்த பங்கு

பங்குத் தரகு அலுவலகத்தில் விலை ஏறினால் வாடிக்கையாளர் கெட்டிக்காரர். இறங்கினால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் ராசியில்லாதவள். பாளையங்கோட்டைக் கிளையில் அந்தப் பெண் நான்தான். பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, உங்களில் பாதிப் பேரிடம் நான் ஏச்சு வாங்கியிருப்பேன். வாருங்கள், சேர்ந்தே புலம்புவோம்.

என்ன செய்கிற கம்பெனி?

அந்த வருஷம் ஒரு பங்கு தினமும் ஏறியது. 'வாங்குங்கள்' என்று ஊரில் எல்லார் செல்போனுக்கும் குறுஞ்செய்தி வந்தது. அனுப்புகிறவன் யாரென்று எவருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஞானராஜ் சார் மட்டும், "கம்பெனி என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். எங்கள் தலைமை அலுவலகத்தில் விசாரித்தேன், சிரித்தார்கள். கம்பெனியின் இணையதளத்தில் பூட்டிய ஷெட் ஒன்றின் படம்தான் இருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை நன்றாகப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யலைன்னா நட்டமும் வராதுல்லா? ஒரு நூறு பங்கு போடும்மா."

சோதனை

மேலே இருக்கிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்களா என்பீர்கள். கேட்கத்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். புகார்ப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். அறிவிப்புப் பலகை சாய்ந்திருக்கிறது என்று தன் கையாலேயே நேராக்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், யாரோ சிலர் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று அந்தப் பங்கை ஏற்றிவிடுகிறார்கள்" என்று சொல்லியே விட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் எவ்வளவும்மா ஏறும்? என் மச்சான் கொஞ்சம் வாங்கி வச்சிருக்கான்."

வெள்ளிக்கிழமை

விக்கிரமசிங்கபுரம் சுடலைமுத்து அண்ணாச்சி, நூல் மில்லிலிருந்து ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதையும் அந்தப் பங்கிலேயே போட்டிருந்தார். வேண்டாமென்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. கட்டுகிற வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றது. பங்கை விற்றுத்தான் தளம் போட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விலை சரிந்தது. ஏற்றிவிட்டவர்கள் விற்றுவிட்டு வெளியேறுகிறார்கள் என்று புரிந்துவிட்டது. முதல் போன் அவருக்குத்தான். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, இப்பவே வித்துருதேன்" என்று கெஞ்சினேன். "ராகு காலம்லா தாயி? வீட்டுக் காரியம். பன்னெண்டு அடிக்கட்டும்" என்றார். பன்னிரண்டு மணிக்குத் திரையில் விற்கிறவர்கள் மட்டுமே இருந்தார்கள், வாங்க ஆளில்லை. மறு வாரமும் இல்லை. பிறகு சந்தையே மொத்தமாகப் படுத்துவிட்டது.

அண்ணாச்சி நேரில் வந்த அன்று, அலுவலகத்தில் ஆளாளுக்கு என்னை ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏசவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். அவர் பைய என் மேஜைக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ அழாத தாயி. தகரம் போட்டுக்கிடுதேன். அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா, அதை வாங்குனவன் வீடுல்லா தளமில்லாம நின்னுருக்கும்? அவனும் என்னைய மாதிரி எவனோ ஒருத்தன்தான?"

முதலீட்டாளரைக் காப்பாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரையில், முதலீட்டாளரை நினைத்துக் கவலைப்பட்ட ஒரே மனிதர் தகரம் விலை விசாரிக்கப் போய்விட்டார்.