ஓட இடம் தேடி அலைந்த காலம்

ஓட்டக்காரன் பிழைப்பில் ஓடுவது சுலபம், ஓட இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. நாய்க்குப் பயந்து தெரு மாற்றியவர்களுக்கும், லாரிக்கு ஒதுங்கிச் சாக்கடையில் கால் வைத்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் கேஷுவல். சில மாதம் வேலை கொடுப்பார்கள். பெர்மனெண்ட் கேட்டுவிடுவோமோ என்று நடுவில் 'பிரேக்' கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேஷுவலுக்குப் பெண் கொடுக்கவும் ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஓடியதை யாரோ போட்டுக்கொடுக்க, ஒருநாள் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். கம்பெனிகளுக்கு நடுவே நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் பெர்மனெண்ட் என்றார். கம்பெனிக்கு மைதானம் உண்டு. ஆனால் அதில் ஆபீசர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், நாங்கள் பந்து பொறுக்கிப் போடலாம்.

எஸ்டேட் ரோடு

முதலில் எஸ்டேட் மெயின் ரோட்டில் ஆரம்பித்தேன். நல்ல அகலம், நல்ல தார். காலை ஷிப்டுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கி நிதானமாக நடந்தவர்கள் என்னைப் பார்த்ததும் தாங்களும் ஓட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் காலையில் ஒருவன் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கேட்டை மூடப்போகிறார்கள்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு ஊர்வலம். வயதான ஃபிட்டர் ஒருவர் டிபன் கேரியரோடு என் பக்கத்தில் வந்து, மூச்சு வாங்க, எந்த கேட் என்று கேட்டார். கேட்டெல்லாம் ஒன்றுமில்லை, பழக்கத்துக்கு ஓடுகிறேன் என்றேன். அவர் நின்று கேரியரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா ஓடறதுன்னா சொல்லிட்டு ஓடு நைனா, பாதி சாம்பார் ரோட்லயே பூடுச்சு."

ஏரிக்கரை

அடுத்தது மேனாம்பேட்டில் என் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஏரிக்கரை. மண் காலுக்கு இதமாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் கரைச் சரிவு பெண்களுடையது. பல வீடுகளில் கக்கூஸ் கிடையாது. ஆண் யாராவது வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பதுதான் வழக்கம். நான் போகும்போது ஒருமுறை எழுந்தார்கள், திரும்பி வரும்போது மறுபடி எழுந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வேகத்தைக் கூட்டியதுதான் மிச்சம்.

ஒரு வாரம் பொறுத்தார்கள். பிறகு எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அக்கா வழியில் நிறுத்தி, கோபமில்லாமல் கேட்டாள்: "நீ ஓடிப் பெரியாளாவு தம்பி, வேணாங்கல. அதுக்கு நாங்க தெனிக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கணுமா?"

குவார்ட்டர்ஸ்

ஆவடிப் பக்கம் ஒரு குவார்ட்டர்ஸ். மரநிழல், சுத்தமான ரோடு, லாரியே கிடையாது. கேட்டில் காவலர் நடந்து போகிறவனைக் கண்டுகொள்ளமாட்டார். ஓடுகிறவன் எதையோ எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறான் என்பது அவர் கட்சி. என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். டிராயரில் பையே இல்லை என்று காட்டியும் நம்பவில்லை.

உள்ளே குடியிருந்த என் நண்பனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் அப்பா திருநெல்வேலிக்காரர், லுங்கியோடு வந்து என்னை மீட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஓடணும்னா வெளிய ஓடிக்கோ டே. இங்கன வந்தா நடந்து வா, காப்பி குடிச்சிட்டுப் போ."

மனைப் பிரிவு

வயலை மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்த நேரம் அது. பட்டாபிராம் தாண்டி ஒரு லேஅவுட்டைக் கண்டுபிடித்தேன். செம்மண் கொட்டி ரோலர் ஓட்டிய ரோடுகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள். வீடு ஒன்றுகூட இல்லை, அதனால் நாயும் இல்லை. தினமும் சைக்கிளில் போய் ஓடினேன். தூரத்தில் முதல் மின்சார ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. இன்று அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. அந்தப் பக்கம் போனால் மனசு என்னவோ செய்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் வேன் நிறைய ஆட்களோடு வந்தார். விரட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ என்னை இன்னொரு சுற்று ஓடச் சொல்லிவிட்டு, வந்தவர்களிடம் சொன்னார்: "பாருங்க சார், ஊடு கட்றதுக்கு முன்னாடியே ஜனம் இங்க வந்து ஓடுது. அவ்ளோ நல்ல காத்து."

பந்தயம்

கடைசித் திருப்பம் வரை நான் நாலாவது. எனக்கு முன்னால் போனவன் என்னைப் போலவே, கம்பெனிப் பெயர் போட்ட பனியன் இல்லாமல் சொந்த பனியனில் ஓடினான். அவனும் கேஷுவல்தான் என்று புரிந்தது. அவனுக்கும் இதே ஆசையைத்தான் காட்டியிருப்பார்கள். அதை நினைத்தால் கால் ஓடாது என்று எல்லைக் கயிற்றை மட்டும் பார்த்து ஓடினேன். மூன்றாவதாக வந்துவிட்டேன்.

அவன் முழங்காலில் கையூன்றி நின்றிருந்தான். பக்கத்தில் போனதும் அவனே கையை நீட்டினான்: "நல்லா ஓடுன மச்சான், நல்லா இரு. எனக்குத் திங்கக்கெழமலேந்து பிரேக்கு."

பெர்மனெண்ட் ஆனேன், கல்யாணமும் ஆயிற்று, ஆனால் அவனை முந்தி வாங்கிய அந்த வேலை, பிரஸ் மிஷின் முன்னால் ஷிப்டு முழுக்க ஓரிடத்தில் நிற்கிற வேலை.