இருவரும் சேர்ந்து இருக்க ஓர் இடம்

குத்தாலத்தில் என் தையல் கடைக்கு எதிரே இருந்த பேருந்து நிழற்குடையில் ஒரு கணவனும் மனைவியும் தங்கியிருந்தார்கள். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்தவர்கள். புயலில் தோப்பு சாய்ந்ததும் வேலையும் குடிசையும் சேர்ந்தே போய்விட்டன. கணவருக்கு அநேகமாகப் பார்வையே இல்லை. முகம் கழுவிவிடுவதிலிருந்து சட்டைப் பொத்தான் போடுவது வரை எல்லாம் அந்த அம்மாதான்.

ஊர் அவர்களைக் கைவிடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஹோட்டல்காரர் காலையில் இட்லி கொடுப்பார். மதியத்துக்கு நான் கூடுதலாகச் சாப்பாடு கொண்டுவருவேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோதுதான் சோறு போடுவது வேறு, இடம் கொடுப்பது வேறு என்று புரிந்தது. நிழற்குடைக்குள் தண்ணீர் ஏறியது. சிமெண்ட் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தபடி இருவரும் நனைந்தார்கள். அவருக்குக் காய்ச்சல் வேறு.

கல்யாண மண்டபத்தில் கேட்டேன். “அடுத்தடுத்து முகூர்த்தம்மா” என்றார்கள். நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம், மாடிப்படிக்கு அடியிலாவது இருக்கட்டும் என்று என் கணவர் கேட்டுப் பார்த்தார்.

“நாளைக்கு ஏதாவது ஆயிட்டா யாருங்க பதில் சொல்றது?”

என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

கடைசியில் இரண்டு ஆதரவற்றோர் இல்லங்கள் சம்மதித்தன. பெண்களுக்கானது மயிலாடுதுறையில், ஆண்களுக்கானது தஞ்சாவூரில். தம்பதியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

“பிரிச்சு வச்சுத்தான் சோறு போடுவாங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

அவர்தான் மனைவியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, “மழை விடுற வரைக்குந்தானே. நீயாவது நனையாம இரு, போ” என்றார்.

அவரை அழைத்துப்போக வந்த தஞ்சாவூர் இல்லத்து வண்டிக்காரரிடம் அந்த அம்மா, “டீயைக் கையில குடுங்க தம்பி. பக்கத்துல வச்சா அவருக்குத் தெரியாது” என்று சொல்லி அனுப்பினார்.

சில நாள்களில் அந்த இல்லத்திலிருந்து போன் வந்தது. “காலையில கேட்டைத் திறந்ததும் வெளியே போயிட்டாருங்க. பொண்டாட்டியப் பாக்கணும்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நாங்க யாரையும் பூட்டி வைக்க முடியாதுங்களே.”

நானும் என் கணவரும் தஞ்சாவூர் பேருந்து நிலையங்கள், கோயில் வாசல், பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். காவல் நிலையத்தில் போட்டோ கேட்டார்கள். தினமும் சோறு கொடுத்த எங்களில் ஒருவர் போனிலும் அவர் முகம் இல்லை. பேராவூரணித் தோப்புக்கும் போனோம். அங்கே புதுக் கன்றுகள் நின்றன. அவரை யாரும் பார்க்கவில்லை.

மயிலாடுதுறைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை.

“யார் கையப் புடிச்சிக்கிட்டுப் போனாரு?” என்று மட்டும் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

“என்னைப் பழைய எடத்துலயே விட்டுருங்க. அவரு தேடினா அங்கதான் வருவாரு.”

இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேட்டேன். “தனியா அனுப்ப முடியாதுங்க. சொந்தக்காரங்க வந்து கையெழுத்துப் போடணும்” என்றவர், “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று என்னைப் பார்த்தார்.

அந்த அம்மா தன் பையை எடுத்துவர உள்ளே போயிருந்தார்.