கோல்கொண்டா காவலரும் தூதுவளைத் துவையலும்

கோல்கொண்டா கோட்டை இருக்கும் ஊரில், சைனிக்புரியில் தம் வீட்டு வேலியோரம் குனிந்து நின்று தூதுவளை இலையில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறார் பாலசுப்ரமணியன். மேல்பக்கம், கீழ்ப்பக்கம், காம்பு என்று மூன்று இடத்திலும் நகத்தால் கிள்ளி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் இலை வாய்க்குப் போகும். காலையில் நாலே நாலு. "அவசரப்பட்டா நாக்குல ஏறிடும்" என்பார், யாரும் கேட்காமலே.

மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் ரேடார் பாகங்களைச் சோதித்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது 'அதிமதுரன்' என்ற பெயரில் வாரப் பத்திரிகைக்குச் சரித்திரத் துணுக்கும் மூலிகைக் குறிப்பும் எழுதுகிறார். சோதித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு துணுக்குக்கும் ஓர் அட்டை, அட்டையின் அடியில் 'ஆதாரம்' என்று ஒரு கோடு, எல்லாம் உஸ்மானியா பிஸ்கட் டப்பாக்களில் பத்திரமாக இருக்கின்றன. "ஆதாரம் இல்லாம நான் தும்மக்கூட மாட்டேன்!" என்று சொல்லி வாய்மூடுவதற்குள் தும்மிவிடுவார். "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று மனைவி கல்பகத்தின் குரல் உள்ளேயிருந்து வரும்.

இவரோடு காய்கறி வாங்கப் போவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். சீதாப்பழ வண்டியை மறித்து, இந்தப் பழம் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது, சீதை இதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று ஹிந்தியும் தெலுங்கும் கலந்து கட்டி நிரூபிப்பார். வண்டிக்காரர் முழுக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு, "லேனா கி நக்கோ, சாப்?" என்பார், வாங்குகிறீர்களா வேண்டாமா என்று. அதோடு சரித்திரம் முடிந்தது, அரைக் கிலோ வாங்கியே ஆக வேண்டும்.

ஆனால் ஊரே கேட்டு ரசிக்கும் துணுக்கு ஒன்று அவரிடம் உண்டு. கோல்கொண்டா கோட்டைக் காவலர்களுக்குத் தினமும் தூதுவளைத் துவையல் போடுவார்களாம். அதனால்தான் அடிவாரத்தில் விட்ட குரல் மலையுச்சி வரை கணீரென்று கேட்டதாம். மாடியில் குடியிருக்கும் தினேஷ், மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், ஊரிலிருந்து யார் வந்தாலும் கோட்டைக்குக் கிளம்புமுன் இவரிடம்தான் முதலில் கூட்டிவருவான். இவரும் தொண்டையைச் செருமி, காவலர் குரலிலேயே ஒரு சத்தம் போட்டுக் காட்டுவார். தெருநாய்கள் எழுந்து ஓடும்.

போன வாரம் சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் ஷர்மிளா போன் செய்தார். துணுக்குகள் புத்தகமாக வரப்போகின்றன. இவருடைய முதல் புத்தகம், எழுபத்திரண்டு வயதில்.

"எல்லாம் பக்கா சார். கோல்கொண்டா துணுக்குக்கு மட்டும் மூல ஆதாரம் வேணும். பின்னட்டைல போடப்போறதே அதைத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

"இவ்வளவுதானே?" என்று டப்பாவைத் திறந்தார். அட்டையில் ஒரு சுற்றுலாக் கையேட்டின் பெயர் இருந்தது. கையேட்டைப் புரட்டினால் அது ஓர் இணையதளத்தைக் கைகாட்டியது. இணையதளமோ உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் பழைய பொங்கல் மலரைக் கைகாட்டியது. மலர் அவர் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. தூசி தட்டி, நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்தார். துணுக்கு இருந்தது. அடியில் எழுதியவர் பெயரும் இருந்தது: பாலசுப்ரமணியன், சைனிக்புரி.

மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"ஏன்னா, மறந்தே போயிட்டேளா?" என்றார் கல்பகம். "நம்ம பிள்ளை பத்ரி சின்னவனா இருக்கச்சே என் துவையலைத் தொடமாட்டேன்னு தரையில பொரண்டான். நீங்கதான் காவக்காரன் கதையை அவுத்துவிட்டு ரெண்டு கரண்டி உள்ள தள்ளினேள். அப்புறம் மலருக்கு ஒரு பக்கம் கொறையறதுன்னு சங்கத்துக்காரா வந்து நின்னப்போ அதையே எழுதிக் குடுத்தேள்."

ஷர்மிளாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் சிரித்தார். "அதனால என்ன சார், அச்சுல வந்ததுதானே? பொங்கல் மலர், பக்கம் நாப்பத்தொண்ணுன்னு போட்டுடலாம். யார் பார்க்கப்போறாங்க?"

போடலாம்தான். ஒரு நிமிஷம் அவருக்கு ஆசையாகவும் இருந்தது. பின்னட்டையைக் கற்பனையில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டிருந்தார். "வேண்டாம்மா" என்றார் கடைசியில். "எனக்கு நானே ஆதாரம்னா நாலு பேர் சிரிப்பா. எடுத்துடுங்கோ. பின்னட்டைக்குச் சீதாப்பழத்தைப் போட்டுக்கோங்கோ." அன்றைக்கு மத்தியானம் இலையில் வைத்த துவையலைத் தொடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வேலியோரம் நிற்கையில் வாசலில் கார் வந்து நின்றது. தினேஷ் இறங்கினான், பின்னாலேயே அவன் மாமனாரும் மாமியாரும்.

"சார், மதுரைல இருந்து வந்திருக்காங்க. வழியெல்லாம் உங்களப் பத்தித்தான் பேச்சு. அந்தக் காவக்காரங்க மேட்டரச் சொல்லுங்க சார், அப்படியே அந்தச் சத்தத்தையும்!"

மாமனார் வீடியோ எடுக்கச் செல்போனை உயர்த்திவிட்டார். மாமியார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார். பாலசுப்ரமணியன் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். சமையலறை ஜன்னலில் கரண்டியும் கையுமாகக் கல்பகம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

வாயைத் திறந்தார். அடுத்த நொடி, கைக்கு எட்டிய தூதுவளை இலைகளைக் கொத்தாகப் பறித்து முள்ளோடு உள்ளே திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப மெல்ல ஆரம்பித்தார்.