கடதாசியை நிலத்தில் போடுவது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த நோர்பரி வீட்டில், அம்மா பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். இரண்டாவது சட்டியும் கரிந்தபோது குடும்ப டாக்டர் அவரை ஞாபகசக்திச் சோதனைக்கு அனுப்பினார். அதில் தவறினால் அவரைத் தனியே விட்டுவிட்டு நான் ஷிப்டுக்குப் போக முடியாது. வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் அவரை முதியோர் இல்லத்தில் விட வேண்டும். யோசித்து யோசித்து நான் சாப்பிட மறந்துபோனேன். அம்மா நன்றாகச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண் டாக்டர். மொழிபெயர்ப்பு நான். இப்போது என்ன பருவம் என்று கேட்டார். ஜூலை மாதம். அம்மா யன்னலைப் பார்த்தார்.

"மாரி."

வெளியே மழைதான். டாக்டர் பிழை போட்டார்.

நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அம்மா கழித்துக்கொண்டே போனார். எண்பத்தாறுக்குக் கீழே அது சரியா பிழையா என்பதை டாக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு கடதாசியைக் கொடுத்து, இரண்டாக மடித்து நிலத்தில் போடச் சொன்னார். அம்மா மடித்தார், கண்ணில் ஒற்றினார், மடியில் வைத்துக்கொண்டார்.

"நிலத்திலை, அம்மா."

"கால் படும்."

"படாது. போடுங்கோ."

"நீ போடு. எட்டாம் வகுப்போடை படிப்பை விட்டவன் நீதானே."

கடதாசி எங்களுக்குச் சரஸ்வதி என்று டாக்டருக்கு விளக்கினேன். அக்கறையாகத்தான் கேட்டார். ஆனால் சோதனையில் நிலம் என்றுதான் இருக்கிறது, குளிர்காலத்தில் மறுபடி வாருங்கள், அதுவரை தனியே விட வேண்டாம் என்றார். பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து இருந்தார். நான் வீட்டில் அம்மாவைப் பழக்கிப் பார்த்தேன். பீட்சாக் கடை விளம்பரத்தைக்கூட அவர் நிலத்தில் போடவில்லை.

இரண்டாம் முறை அம்மா கடதாசியை மடித்தார். இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியை, அந்தக் கைக்குட்டையை, எடுத்து நிலத்தில் விரித்து, அதன்மேல் வைத்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். சரி போட்டார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, தனியே இருக்கலாம் என்றார்.

பஸ் தரிப்பிடத்தில் அம்மா இடுப்பைத் தடவினார்.

"என்ர லேஞ்சி எங்கை?"

"அங்கை விரிச்சனீங்கள் எல்லோ."

"நானோ? எங்கை?"

திரும்ப ஓடினேன். டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவுடையதா? மறந்துவிட்டாரா?"

"இல்லை, என்னுடையது" என்றேன். ஓரம் முழுக்க ரோசா நூலில் பூப்போட்டிருந்தது.